நோர்வேயில் எஃப்.எம். நின்ற வருடம்

இது நீண்ட பதிவு. தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்து ஆறுதலாக வாசியுங்கள்.

சுவிஸில் இருக்கிற என் மாணவர் ஒருவர் புதுவருடத்தோடு வட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "ரீச்சர், என்ரை பழைய காரில சுவிஸ் றேடியோ ஒண்டும் இழுக்குதில்லை. எஃப்.எம்மை நிப்பாட்டிப்போட்டாங்களாம். நீங்கள் நோர்வேயில நிண்ட காலத்திலயும் இதுதானே நடந்தது? அங்கை சனம் என்ன செய்தது?"

சுவிஸின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசம்பர் 31ஆம் திகதியோடு எஃப்.எம். ஒலிபரப்பை நிறுத்தியது உண்மைதான். அவருக்கு நான்கு வரியில் பதில் எழுதத் தொடங்கினேன். நீண்டுகொண்டே போனது. ஐரோப்பாவில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாடு முழுவதற்குமான எஃப்.எம். ஒலிபரப்பை உலகில் முதன்முதலாக நிறுத்திய நாடு நோர்வே. 2017 ஜனவரி 11ஆம் திகதி காலை 11 மணி 11 நிமிடம் 11 செக்கனுக்கு, வடக்கே நூர்லண்ட் மாகாணத்தில், பூடோ நகரில் தொடங்கினார்கள். (நேரம் பார்த்துக் காரியம் தொடங்குகிற பழக்கம் எங்களுக்கு மட்டும்தான் என்று இனி யாரும் சொல்லவேண்டாம்.) அங்கிருந்து பகுதி பகுதியாக நிறுத்திக்கொண்டு வந்தார்கள். செப்டெம்பர் 20ஆம் திகதி ஒஸ்லோவின் முறை. கடைசியாக டிசம்பர் 13ஆம் திகதி வட கோடியில் துறொம்ஸ், ஃபின்மார்க் மாகாணங்கள். அதோடு நாடளாவிய நிலையங்கள் எல்லாம் டிஏபி என்ற டிஜிட்டல் வானொலிக்கு மாறிவிட்டன.

மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அந்த வருடம் ஓகஸ்ட் முதல் மூன்று மாதம் ஒஸ்லோவில் நின்றேன். பிள்ளை நித்திரை கொள்கிற நேரமெல்லாம் எனக்கு வேலை இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் பௌதிகவியல் படிப்பித்தவளுக்கு, கண்முன்னாலே ஒரு நாடே அலைவரிசை மாற்றுகிறது என்றால் சும்மா இருக்க முடியுமா? மருமகனைத் துளைத்துத் துளைத்துக் கேட்டு, அகப்பட்டதையெல்லாம் வாசித்தேன்.

முதலில் இதை ஏன் செய்தார்கள் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். நோர்வேயின் படத்தை எடுத்துப் பாருங்கள். மலையும், மலைக்குள் நீளமாகப் புகுந்த கடலும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய ஊர்களும். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது என்று படிப்பித்தது ஞாபகம் இருக்கும். மலை குறுக்கே நின்றால் அந்தப் பக்கத்துக்கு இன்னொரு கோபுரம் வேண்டும். அந்தக் கோபுரமும் முதலாவது கோபுரமும் ஒரே மீடிறனில் ஒலிபரப்பினால், இரண்டும் எட்டுகிற இடத்தில் தலையீடு ஏற்பட்டு எதுவும் கேளாது. ஆகவே வேறு மீடிறன் கொடுக்க வேண்டும். இப்படியே ஒரே நிலையத்துக்கு ஊருக்கொரு மீடிறன். ஐந்து நாடளாவிய நிலையங்களோடு எஃப்.எம். பட்டையில் இடம் முடிந்துவிட்டது. ஒரு நிலையத்தை எஃப்.எம். மூலம் நாடு முழுவதும் கொண்டுபோகிற செலவு, டிஜிட்டலில் கொண்டுபோவதைப் போல எட்டு மடங்கு என்று அரசாங்கம் சொன்னது. கோபுரக் கருவிகளும் பழசாகிவிட்டன. புதுப்பிக்கிற காசை எதில் போடுவது என்ற கேள்வி வந்தது.

டிஏபி இந்த மலைச் சிக்கலை அவிழ்த்த விதம் மிக அழகானது. பௌதிகவியல் பிடிக்காத சொந்தங்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம், கோபிக்க மாட்டேன். பெரிய மண்டபத்தில் நான் சொல்வதெழுதுதல் வைக்கிறேன் என்று வையுங்கள். வேகமாகச் சொன்னால் முதல் சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லில் விழுந்து குழம்பும். ஒரு சொல் சொல்லி, எதிரொலி அடங்கும் வரை சற்றுப் பொறுத்து, அடுத்த சொல்லைச் சொன்னால் கடைசி வாங்குப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் அப்படிச் சொன்னால் பாடம் முடியாதே? அதற்கு ஒரு தந்திரம்: ஒரு ரீச்சருக்குப் பதிலாக 1,536 ரீச்சர்மார் வேறு வேறு சுருதியில் ஒரே நேரத்தில், ஒவ்வொருவரும் ஆறுதலாகச் சொல்கிறார்கள். தனித்தனியே மெதுவு, மொத்தத்தில் வேகம். டிஏபி ஒரு தொகுதியில் 1,536 சிறு காவி அலைகளை இப்படித்தான் பாவிக்கிறது. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் விடுகிற பொறுமை 246 மைக்ரோசெக்கன். அந்த நேரத்தில் ஒளியும் வானொலி அலையும் ஏறக்குறைய 74 கிலோமீற்றர் போகும். ஆகவே 74 கிலோமீற்றர் வித்தியாசத்துக்குள் வருகிற எதிரொலி பாடத்தைக் குழப்பாது. மலையில் தெறித்து வந்தாலும் சரி, பக்கத்துக் கோபுரத்திலிருந்து வந்தாலும் சரி, அது உதவியாகவே சேர்ந்துகொள்ளும். எல்லாக் கோபுரமும் ஒரே மீடிறனில் நிற்கலாம். ஒரு மீடிறன் தொகுதியில் பத்துக்கு மேற்பட்ட நிலையங்களை அடுக்கலாம். இதை முதன்முதல் வாசித்தபோது எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போல இருந்தது. படிப்பித்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த உதாரணம் கையில் இருந்திருந்தால் தலையீட்டுப் பாடத்தை உங்களுக்கு இன்னும் நன்றாக நடத்தியிருப்பேன்.

நோர்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.ஆர்.கே., 1995 ஜூன் 1ஆம் திகதியே முழுக்க டிஏபியில் மட்டும் போகிற சாஸ்திரிய இசை நிலையம் ஒன்றைத் தொடங்கிவிட்டது. உலகில் அதுதான் முதலாவது. ஆனால் பெட்டி வாங்க ஆளில்லை. எஃப்.எம். நன்றாகத்தானே கேட்கிறது! ரீவி டிஜிட்டலுக்கு மாறினபோது சனம் பெரிதாக முணுமுணுக்கவில்லை, ஏனென்றால் படம் துலக்கமாகத் தெரிந்தது. வானொலியில் காதுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. கிடைத்த இலாபம் நிலையங்களின் எண்ணிக்கைதான். ஐந்து இருந்த இடத்தில் இருபதுக்கு மேல் வந்தன. பிள்ளைகளுக்கு ஒன்று, ஜாஸுக்கு ஒன்று, நாட்டார் பாடலுக்கு ஒன்று, முதியவர்களின் பழைய பாட்டுக்கு ஒன்று. வடபுலத்துப் பழங்குடிகளான சாமி மக்களின் மொழிச் சேவையும் ஒஸ்லோவில் கேட்கக்கூடியதாக வந்தது. இதையெல்லாம் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

2011இல் நோர்வே பாராளுமன்றம் சில நிபந்தனைகள் வைத்தது. என்.ஆர்.கே.யின் டிஏபி, எஃப்.எம். எட்டிய அளவு சனத்தை எட்ட வேண்டும். தனியார் நிலையங்கள் நூற்றுக்கு 90 பேரையாவது எட்ட வேண்டும். காருக்குக் கட்டுப்படியான விலையில் வழி இருக்க வேண்டும். வானொலி கேட்பவர்களில் பாதிப் பேராவது நாளாந்தம் டிஜிட்டலில் கேட்க வேண்டும். இவை 2015க்குள் நிறைவேறினால் 2017இல் எஃப்.எம். நிற்கும், இல்லாவிட்டால் 2019.

கேட்க நியாயமாக இருக்கிறதல்லவா? ஆனால் அந்தக் கடைசி நிபந்தனையை எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். ரீவிப் பெட்டி வழியாக வானொலி கேட்டவரும், கைபேசியில் இணையம் வழியாகக் கேட்டவரும் "டிஜிட்டலில் கேட்டவர்" என்ற கணக்கில் சேர்க்கப்பட்டார்கள். இவர்கள் யாரும் டிஏபி பெட்டி வாங்கியவர்கள் அல்லர். வாசல் கதவு எத்தனை பேருக்குத் திறந்தது என்று கேட்டால், யன்னலால் வந்தவர்களையும் எண்ணின மாதிரி. நோர்வேயிலேயே இதைப் பலர் கேள்வி கேட்டார்கள். என்னிடம் ஒரு பிள்ளை பரிசோதனை அறிக்கையில் இப்படி வாசிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தால், சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

2015 ஏப்ரலில் கலாசார அமைச்சர் திகதியை அறிவித்தார். 2016 டிசம்பரில், முதல் மாகாணத்தில் நிறுத்தச் சில கிழமைகளே இருந்தபோது, ஒரு பத்திரிகை எடுத்த கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு 66 பேர் எதிர்ப்பு, 17 பேர்தான் ஆதரவு. அப்போது வீதியில் ஓடிய கார்களில் ஏறக்குறைய 20 இலட்சம் கார்களில் டிஏபி இல்லை. நாட்டின் சனத்தொகையே 50 இலட்சத்துக்குச் சற்று மேல்தான்.

காருக்குப் பூட்டுகிற அடப்டர் ஒன்று அந்த நேரம் ஏறக்குறைய 1,500 குரோனர். இப்போது கொப்பியை எடுங்கள். 20 இலட்சத்தை 1,500ஆல் பெருக்கினால் 300 கோடி குரோனர். எஃப்.எம்மை நிறுத்துவதால் ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு வருடத்துக்கு மிச்சமாகும் என்று சொன்ன தொகை ஏறக்குறைய 20 கோடி குரோனர். அங்கே மிச்சமாகிற பணம் இங்கே கார்க்காரர்கள் கொடுக்கிற பணத்துக்குச் சமப்பட 15 வருடம் வேண்டும். எல்லோரும் அடப்டர் வாங்கவில்லை, பலர் கார் மாற்றும்வரை பேசாமல் இருந்தார்கள், ஆகவே இது மேல் எல்லைக் கணக்குத்தான். ஆனால் குசினியில், கட்டில் தலைமாட்டில், வள்ளத்தில், மலையில் கட்டி வைத்திருக்கிற மரக்குடிலில் என்று வீட்டுக்கு நாலைந்து பெட்டி வைத்திருந்தார்களே, அதை நான் இதில் சேர்க்கவே இல்லை.

என் மனதில் அப்போது விழுந்ததும் இன்றுவரை இருப்பதும் இதுதான். வானொலி என்பது ஒலிபரப்புகிறவரின் சொத்து மட்டும் அல்ல. கோபுரம் அவருடையது, பெட்டி எங்களுடையது. இரண்டும் சேர்ந்தால்தான் வானொலி. நோர்வேயில் கோபுரப் பக்கக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் பார்த்தார்கள். பெட்டிப் பக்கக் கணக்கை யாரும் எழுதிக் கூட்டிப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. அது இலட்சக்கணக்கான சிறு தொகைகளாகக் குடும்பங்களின் பணப்பைக்குள் சிதறிக் கிடந்ததால் செலவாகவே தெரியவில்லை.

மகளின் வீட்டுக்குப் பக்கத்து வாசலில் 85 வயது அம்மா ஒருவர் தனியாக இருந்தார். ஆங்கிலம் பேசுவார். பிள்ளை பிறந்ததும் கையால் பின்னிய சின்னக் காலுறை கொண்டுவந்து தந்தார், அப்படித்தான் பழக்கம். அவரிடம் டான்ட்பெர்க் பெட்டி ஒன்று இருந்தது. ஒஸ்லோவிலேயே 1933இல் தொடங்கிய வானொலித் தொழிற்சாலை அது. தேக்குப் போல பளபளக்கிற மரப்பெட்டி, கண்ணாடித் தகட்டில் ஊர்ப் பெயர்கள்: ஒஸ்லோ, மோத்தாலா, கலுண்ட்போர்க், ஹில்வர்சும், பெரோமுன்ஸ்டர். அந்தப் பெயர்களை விரலால் தடவித் தடவித்தான் தான் புவியியல் படித்ததாகச் சொன்னார். கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டி.

செப்டெம்பர் 20ஆம் திகதி அந்தப் பெட்டியிலிருந்து அவருடைய நிலையம் போய்விட்டது. அவருடைய மகன் ஏற்கெனவே புது டிஏபி பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அது பிளாஸ்ரிக்கில் சின்னதாக இருந்தது. நிலையம் பிடிக்க நாலு தரம் அமத்த வேண்டும், எழுத்து அவருக்குத் தெரியாது. அவர் கோபிக்கவில்லை. அழவும் இல்லை. "வேலை செய்கிற ஒன்றை ஏன் நிற்பாட்டினார்கள்?" என்று மட்டும் கேட்டார். நான் 74 கிலோமீற்றர் கதையை அவருக்கும் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அது அவர்களுக்கு நல்லது" என்றார்.

பிறகு நானும் மருமகனும் ஒரு வேலை பார்த்தோம். அந்தக் காலத்துப் பெட்டிகளின் பின்புறத்தில் கிராமபோன் பூட்டுவதற்கென்று இரண்டு துளை இருக்கும். புது டிஏபி பெட்டியின் காதுக்கருவித் துளையிலிருந்து வயர் எடுத்து, முனையில் பொருத்தமான பிளக் போட்டு, அந்தத் துளையில் செருகினோம். டான்ட்பெர்க் தன்னுடைய பழைய குரலில் மறுபடி பேசியது. முதியவர்களுக்கான நிலையத்தை ஒரு பொத்தானில் பதித்துக் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து, "இந்தப் பாட்டெல்லாம் எஃப்.எம்மில் போடவே மாட்டார்கள்" என்று சந்தோஷப்பட்டார். டிஜிட்டல் கொடுத்த நிலையம், பழைய பெட்டியின் குரல், இரண்டும் அவருக்கு வேண்டியிருந்தது. (ஐரோப்பாவில் இருக்கிற பிள்ளைகள் கவனிக்க: பழைய வால்வுப் பெட்டிகள் சிலவற்றின் உட்சட்டத்திலேயே நேர் மின்சாரம் இருக்கும். தெரியாமல் பின்பலகையைக் கழற்றிக் கை வைக்காதீர்கள். மருமகன் மின்வேலை தெரிந்தவர்.)

அவர்தான் 1941ஆம் ஆண்டுக் கதையைச் சொன்னவர். நோர்வே ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்த காலம். அரசர் ஏழாம் ஹாக்கோன் லண்டனில். பி.பி.சி. வழியாக நோர்வேஜிய மொழியில் செய்தி வரும். அந்த வருடம் ஆக்கிரமிப்பு நிர்வாகம் மக்களிடமிருந்து வானொலிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்தது. தங்கள் கட்சிக்காரர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஒளித்து வைத்துக் கேட்டு, செய்தியைப் பரப்பினால் கடும் தண்டனை. அவருக்கு அப்போது ஒன்பது வயது. தகப்பனார் ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இன்னொன்றை விறகுக் கொட்டிலில் ஒளித்தாராம். பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், எங்களுக்குத் தெரியும் என்று சிரித்தார். அந்தச் சனத்துக்கு வானொலி வெறும் பாட்டுப் பெட்டி அல்ல என்பது எனக்கு அந்த இடத்தில் விளங்கியது.

வடக்கிலிருந்து வந்த கதை வேறு. என்னுடைய பழைய மாணவர் ஒருவர் எண்பதுகளின் கடைசியில் நோர்வேக்குப் போய், ஃபின்மார்க் மாகாணத்தில் போட்ஸ்ஃபியோர்ட் என்ற ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் பிள்ளைகள் பலர் அந்த வட கோடி மீன் ஊர்களில்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள், உங்களில் சிலருக்கு அது நேரே தெரியும். அவர் நோர்வேஜிய மொழியைப் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட, மீன் வெட்டுகிற மேசைக்கு மேலே தொங்கிய வானொலியில் படித்ததுதான் கூட. "ரீச்சர், முதல் ஆறு மாசம் ஒரு வசனமும் விளங்கேல்லை. பிறகு ஒரு நாள் காலநிலை அறிக்கை முழுக்க விளங்கிச்சுது. அண்டைக்கு இரவு ஊருக்குக் கடிதம் எழுதினனான்" என்று ஒருமுறை சொன்னார்.

டிசம்பர் 13ஆம் திகதி அங்கே சூரியன் உதிக்காத காலம். நான் அப்போது ஊருக்குத் திரும்பிவிட்டேன், தொலைபேசியில்தான் கதைத்தோம். அவருக்குப் பயம் பெட்டியைப் பற்றியது அல்ல, வீதியைப் பற்றியது. போட்ஸ்ஃபியோர்டிலிருந்து வெளியே போக மரமே இல்லாத மேட்டுநிலத்தைத் தாண்ட வேண்டும். பனிப்புயல் நேரம் முன்னால் பனிதள்ளும் வண்டி போக, பின்னால் கார்கள் வரிசையாகப் போக வேண்டும். என்.ஆர்.கே.யின் டிஏபி சனத்தொகையில் நூற்றுக்கு 99.5 பேரை எட்டுகிறது என்றார்கள். அது உண்மை. ஆனால் பிள்ளைகள், சனத்தொகைக்கும் நிலப்பரப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். சனமே இல்லாத மேட்டுநிலத்தில் அலை எட்டாவிட்டாலும் அந்த 99.5 ஒரு புள்ளியும் குறையாது. கார் ஓடுகிறவன் அந்த நேரம் சனத்தொகைக் கணக்கில் அவனுடைய வீட்டில் இருக்கிறான், உண்மையில் மேட்டுநிலத்தில் இருக்கிறான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எஃப்.எம். அலை மெலியும்போது இரைச்சல் கூடும். இரைச்சலுக்குள்ளேயும் "வீதி மூடப்பட்டுள்ளது" என்ற சொல்லைப் பிடித்துவிடலாம். டிஜிட்டல் அலை ஒரு எல்லை வரை துப்புரவாகக் கேட்கும், எல்லையைத் தாண்டினால் சேற்றில் நீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அரைகுறையாகக் கேட்பது என்ற நிலையே அதற்குக் கிடையாது. சுரங்க வீதிகளுக்கு நோர்வே இதற்கு ஒழுங்கு செய்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட சுரங்க வீதிகள் உள்ள நாடு, லார்டால் சுரங்கம் மட்டும் 24.5 கிலோமீற்றர். நீண்ட சுரங்கங்களுக்குள் டிஏபி கருவி பூட்டி, அவசர அறிவித்தல் காருக்குள் கேட்க வழி செய்தார்கள். நல்ல வேலை. ஆனால் டிஏபி இல்லாத காரோடு சுவீடனிலிருந்து வருகிற லொறிச் சாரதிக்கு அதனால் பயனில்லை. சுவீடனோ 2015 டிசம்பரிலேயே, எங்களுக்கு இந்த மாற்றம் இப்போது வேண்டாம் என்று பின்வாங்கிவிட்டது.

என் மாணவர் பிறகு அடப்டர் வாங்கினார். கண்ணாடியில் ஒட்டுகிற சின்ன அன்ரெனா, சிகரெட் பற்றவைக்கிற துளையிலிருந்து மின்சாரம். அவருடைய பழைய காரில் வெளியிலிருந்து சத்தம் ஏற்றத் துளை எதுவும் இல்லை. பிறகு எப்படிக் கேட்பது? அந்த அடப்டருக்குள்ளே ஒரு குட்டி எஃப்.எம். ஒலிபரப்பி இருக்கிறது! வெளியே டிஏபியில் பிடித்ததை, காருக்குள்ளே எஃப்.எம்மாக மாற்றி, இரண்டு சாண் தூரத்தில் இருக்கிற கார் றேடியோவுக்கு ஒலிபரப்புகிறது. நாடு நிறுத்திய எஃப்.எம். ஒவ்வொரு பழைய காருக்குள்ளும் இரண்டு சாண் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இதைச் சொல்லி இருவரும் தொலைபேசியில் சிரித்தது இப்போதும் ஞாபகம். மேட்டுநிலத்தில் எப்படி என்று கேட்டேன். என்.ஆர்.கே. பெரும்பாலும் நன்றாகவே வருகிறது, தனியார் நிலையங்கள் இடையில் விட்டுவிட்டுத்தான் என்றார். அவர் பயந்த அளவுக்கு இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும்.

அடுத்த வருடம் கணக்கு வந்தது. நாளாந்தம் வானொலி கேட்போர் தொகை ஒரே வருடத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. என்.ஆர்.கே.க்கு இழப்பு அதைவிடக் கூட. போனவர்கள் எல்லோரும் கோபத்தில் போனவர்கள் அல்லர். பெட்டி நின்ற அன்று கைபேசியைக் கையில் எடுத்தவர், திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். பழக்கம் என்பது அறுந்தால் முடிச்சுப் போடக் கஷ்டம். சின்ன உள்ளூர் வானொலிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெருநகரங்களுக்கு வெளியே எஃப்.எம்மிலேயே தொடர அனுமதி கொடுத்தார்கள், பிறகு அந்தக் காலக்கெடுவை நீட்டினார்கள், திரும்பவும் நீட்டினார்கள். ஆகவே "நோர்வே எஃப்.எம்மை ஒழித்துவிட்டது" என்று யாராவது எழுதினால் அது அரைவாசிதான் சரி.

சுவிஸ் பிள்ளைக்கு இதில் பயன்படக்கூடியது சொற்பம்தான். டிஏபி பிளஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், பழைய டிஏபி பெட்டிக்குப் பிளஸ் விளங்காது. காரில் அன்ரெனாவை நிமிர்த்தி ஒட்டுங்கள், ஒலிபரப்பு அலை நிலைக்குத்தாக வருகிறது. வீட்டில் இரண்டு அறையில் இரண்டு டிஏபி பெட்டி வைத்தால் ஒன்று மற்றதற்கு ஒரு செக்கன் அப்படி இப்படிப் பிந்திப் பேசும், பழுது என்று கடைக்கு ஓடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 2024 இலையுதிர் காலத்தில் நோர்வே அரசாங்கம் வீடு வீடாக ஒரு கையேடு அனுப்பியது. போர், புயல், மின்தடை எது வந்தாலும் ஒரு கிழமைக்குத் தாக்குப்பிடிக்க வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியல். தண்ணீர், உலர் உணவு, போர்வை, ரோச் லைற். அதோடு பற்றரியில், சூரிய ஒளியில் அல்லது கைப்பிடி சுற்றி இயங்குகிற டிஏபி வானொலி ஒன்று. மகள் கைப்பிடி உள்ளதை வாங்கிவிட்டாள். 2017இல் பிறந்த அந்தப் பேரனுக்கு அப்போது ஏழு வயது. வீடியோ அழைப்பில் அதைக் காட்டி, மூச்சு வாங்க வாங்கச் சுற்றினான். எஃப்.எம். பெட்டியைவிட டிஏபி பெட்டி மின்சாரம் கூடக் குடிக்கும், அந்தச் சின்னக் கைக்குக் கொஞ்ச நேரப் பேச்சுத்தான் கிடைத்தது.

அவனுக்கு நான் யாழ்ப்பாணத்தைச் சொன்னேன். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ வயரை றேடியோவில் கொழுவி, இரவு பி.பி.சி. தமிழோசை கேட்போம். ஒருவர் சுற்ற, முற்றத்தில் பத்துப் பேர் கேட்பார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரலும் தொய்யும், உடனே அடுத்தவர் கை மாற்றுவார்.

"எவ்வளவு நேரம் அம்மம்மா?" என்று கேட்டான்.

அரை மணித்தியாலம் என்றேன். கைப்பிடியைப் பார்த்தான். பிறகு தகப்பனைக் கூப்பிட்டு, வீட்டில் சைக்கிள் டைனமோ இருக்கிறதா என்று கேட்டான்.